உடைந்தது டிஸ்ப்ளேதான்... உள்ளே இருந்த பெரியப்பாவின் குரல் என்ன ஆச்சு?

"போன் அடிக்குதுப்பா... ஆனா எடுக்க முடியலை. முகமே தெரியலை!"

பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டு பெரியம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார் பெரியம்மா. வயது 74. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லின் மேல் போனை வைத்துவிட்டு, தண்ணீர் மோட்டாரை நிறுத்த உள்ளே போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட, வைப்ரேஷனில் போன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சிமென்ட் தரையில் குப்புற விழுந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்கக் கீறல், திரை ஒரே கறுப்பு. ஆஃப் செய்து ஆன் செய்தும் பார்த்திருக்கிறார். ஆன் ஆகிற சத்தம் வருகிறது, மணி அடிக்கிறது. வெளிச்சம் மட்டும் இல்லை.

"விடுங்க பெரியம்மா, புதுசு வாங்கிக்கலாம்" என்றேன்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: "புதுசுல உங்க பெரியப்பா பேசுவாராடா?"

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பெரியப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதங்களில் அந்த போனின் வாய்ஸ் ரெக்கார்டரில் பெரியம்மாவுக்காகச் சிலவற்றைப் பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறார். பீரோவில் எந்தத் தட்டில் எந்தப் பத்திரம் இருக்கிறது, மோட்டார் ஓடாவிட்டால் எந்த ஸ்விட்சைத் தட்ட வேண்டும், வீட்டு வரி எந்த மாதம் கட்ட வேண்டும்... இப்படி 11 பதிவுகள். எழுதி வைத்தால் பெரியம்மாவுக்குப் படிக்கக் கண் சரியாகத் தெரியாது என்பதால் பேசி வைத்தாராம். விவரமெல்லாம் பெரியம்மாவுக்கு எப்போதோ மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் ராத்திரி தூக்கம் வராதபோது ஏதாவது ஒன்றைப் போட்டுக் கேட்பார்.

அந்த 11 பதிவுகளும் அந்த ஒரு போனில் மட்டும்தான் இருந்தன. வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பியதில்லை. கூகுள் டிரைவிலும் இல்லை. டெக்னாலஜி பற்றி எழுதுகிறவன் என்று ஊரெல்லாம் பெயர் எடுத்துவைத்திருக்கிறேன். என் பெரியம்மா போனை ஒரு நாளாவது வாங்கிப் பார்த்திருக்கிறேனா என்றால், இல்லை.

ஊருக்குப் போய் போனை வாங்கி வந்தேன். ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தபோது, "டிஸ்ப்ளே மாத்திடலாம் சார். ஆனா ரீசெட் பண்ணித்தான் தருவோம். உள்ளே இருக்கிறது போனா நாங்க பொறுப்பில்லை" என்று ஒரு பேப்பரை நீட்டினார்கள். டிஸ்ப்ளே மாற்றுவதற்கு உள்ளே இருப்பதை அழிக்க வேண்டிய அவசியமே கிடையாது. ஆனால், கவுன்ட்டரில் நின்று வாதாடி ஜெயிக்கிற விஷயமில்லை இது. கையெழுத்துப் போடாமல் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை ராத்திரி அதை என் மகளிடம் கொடுத்தேன். இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுடைய லேப்டாப்பில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான்.

கேபிளைச் சொருகினால் போதாதா?

இதைத்தான் நானும் கேட்டேன். சொருகினோம். கம்ப்யூட்டரில் போனின் பெயர் வந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை!

இது ஏன் என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு உங்கள் வீட்டில் இப்படி நடக்கும்போது பதற்றம் குறையும். முன்பெல்லாம் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டினால் பென் டிரைவ் மாதிரி திறந்துகொள்ளும். மெமரி கார்டையே முழுசாகக் கம்ப்யூட்டர் கையில் தூக்கிக் கொடுத்துவிடுகிற ஏற்பாடு அது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும்வரை போனால் அந்தக் கார்டைத் தொட முடியாது. 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0-லிருந்து எம்.டி.பி. என்ற முறைக்கு மாறினார்கள். பாட்டு கேட்கும் சின்ன பிளேயர்களுக்காக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த முறை அது. இதில் கம்ப்யூட்டர் மளிகைக் கடைக்கு வந்த ஆள் மாதிரி. அலமாரியில் கை வைக்க முடியாது. கேட்டால் கடைக்காரரான போன் எடுத்துக் கொடுக்கும். கடை பூட்டியிருந்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பூட்டு என்றால் சாதாரணப் பூட்டும் இல்லை. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வருகிற போன்களில் உள்ளே இருக்கும் எல்லாமே என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும். பின் நம்பரைப் போட்டால்தான் அவை படிக்கும்படியாக மாறும். போனை ரீஸ்டார்ட் செய்துவிட்டால் கைரேகைகூடச் செல்லாது. முதல் தடவை பின் நம்பர்தான். அந்த நிலையில் ரீசெட் செய்தால் சாவியே அழிந்த மாதிரி. அதற்குப் பிறகு 'எதையும் மீட்டுத் தருவோம்' என்று விளம்பரத்தில் வருகிற எந்த சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டினாலும் பிரயோஜனம் இல்லை. சர்வீஸ் சென்டரில் கையெழுத்துப் போடாமல் வந்தது நல்லதாகப் போயிற்று.

போனைத் தொலைத்துவிட்டவருக்கு இந்தப் பூட்டு பெரிய பாதுகாப்பு. பெரியம்மா மாதிரி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சாவித்துவாரம் தெரியாமல் நிற்பவருக்குத்தான் கஷ்டம்.

வாயில் நுழையாத பெயர்!

"ஸ்க்ரீன்காப்பி போட்டுப் பார்க்கலாம்பா" என்றாள் மகள்.

உச்சரிப்பது ஸ்க்ரீன்காப்பி. எழுதுவது எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்று ஆறு ஆங்கில எழுத்துகள், நடுவில் உயிரெழுத்து ஒன்றுகூடக் கிடையாது! இதை எழுதியவர் ரோமேன் விமோன் என்ற பிரெஞ்சு புரோகிராமர். பாரிஸில் ஜெனிமொபைல் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, 2018 மார்ச்சில் இதை வெளியிட்டார். அதற்கு முன்பு அவர் எழுதிய ஒரு சாஃப்ட்வேரின் பெயர் 'டெதரிங்' என்ற ஆங்கில வார்த்தையைத் திருப்பிப் போட்டது. கம்ப்யூட்டரின் இன்டர்நெட்டை போனுக்குக் கொடுக்கிற, வழக்கத்துக்குத் தலைகீழான வேலை என்பதால் பெயரும் தலைகீழ். "அதே அளவுக்கு வாயில் நுழையாத இன்னொரு பெயரைக் கண்டுபிடி பார்க்கலாம்" என்று உடன் வேலை பார்த்தவர் சவால் விட, பிறந்ததுதான் இந்த ஆறெழுத்து.

இது செய்கிற வேலை எளிமையானது. போனின் திரையில் என்ன தெரிகிறதோ, அதை அப்படியே கம்ப்யூட்டர் திரையில் காட்டும். அங்கே மவுஸால் கிளிக் செய்தால் போனில் விரலால் தொட்ட மாதிரி. கம்ப்யூட்டர் கீபோர்டில் டைப் செய்தால் போனில் எழுத்து விழும். போனில் எந்த ஆப்பும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். கேபிளை மாட்டியதும் ஒரு சின்ன புரோகிராமைக் கம்ப்யூட்டரே போனுக்குள் அனுப்பி ஓடவிடும். வீடியோ எடுக்கும்போது போன் எப்படிப் படத்தைச் சுருக்குமோ, அதே பகுதியைக் கொண்டு திரையைச் சுருக்கிக் கேபிள் வழியாக அனுப்பும். ஆண்ட்ராய்டு 5.0-க்கு மேல் எந்த போனாக இருந்தாலும் போதும். ஆண்ட்ராய்டு 11-க்கு மேல் என்றால் போனின் சத்தமும் கம்ப்யூட்டரில் கேட்கும்.

அதாவது, டிஸ்ப்ளே செத்துப்போன போனுக்குக் கம்ப்யூட்டர் மானிட்டரையே டிஸ்ப்ளே ஆக்கிவிடலாம். இலவசம். விளம்பரம் கிடையாது. 'முதல் ஏழு நாள் மட்டும் ஃப்ரீ' என்ற கதையும் கிடையாது.

மகள் கட்டளையைத் தட்டினாள். வேலை செய்யவில்லை.

"பெரிய பாட்டி போன்ல யூஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணலைப்பா" என்றாள்.

ஸ்க்ரீன்காப்பி உள்ளே நுழைய ஒரு கதவு வேண்டும். போனின் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்ற இடத்தை 7 தடவை தட்டினால், 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு புதுப் பக்கம் திறக்கும். அதில் இருப்பதுதான் யூஎஸ்பி டீபக்கிங். அதை ஆன் செய்த பிறகும், ஒவ்வொரு புதுக் கம்ப்யூட்டரை மாட்டும்போதும், 'இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா?' என்று போன் திரையில் கேட்கும். திரையே தெரியாதபோது அனுமதி கொடுப்பது எப்படி? 74 வயதுக்காரர் போனில் இதை யார் ஆன் செய்து வைத்திருக்கப்போகிறார்கள்?

நான் எழுந்து படுக்கப் போய்விட்டேன். மகள் உட்கார்ந்துகொண்டே இருந்தாள்.

இருட்டில் ஒரு கீபோர்டு

பதினொன்றரை மணிக்கு என்னை எழுப்பினாள். "அப்பா, பெரிய பாட்டியோட பின் நம்பர் என்ன? பேட்டர்ன் லாக்கா, நம்பரா?"

நல்லவேளையாக நம்பர். அதுவும் அவர்கள் கல்யாணம் நடந்த வருடம். (இப்போது மாற்றிவிட்டோம், அதனால்தான் எழுதுகிறேன்.) பேட்டர்னாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அவள் கண்டுபிடித்தது ஸ்க்ரீன்காப்பியிலேயே இருக்கும் ஓ.டி.ஜி. என்கிற இன்னொரு வழி. இதில் போனின் திரை கம்ப்யூட்டரில் தெரியாது. ஆனால், கம்ப்யூட்டரின் கீபோர்டும் மவுஸும் போனில் நேரடியாக மாட்டிய கீபோர்டும் மவுஸும் போல நடிக்கும். கீபோர்டைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதற்கு போன் எந்த டீபக்கிங்கையும் கேட்பதில்லை. ஆண்ட்ராய்டு 4.1 காலத்திலிருந்தே இருக்கும் வசதி இது. வழக்கமான ஓ.டி.ஜி. கனெக்டரில் நிஜ கீபோர்டைச் சொருகினாலும் இதே பலன்தான். அந்த நேரத்தில் வீட்டில் கனெக்டர் இல்லை, லேப்டாப் இருந்தது.

ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். நாலு நம்பர். என்டர். 'டிக்' என்று ஒரு சத்தம். போன் திறந்துகொண்டது!

ஆனால், இன்னும் திரை கறுப்புதான். 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று தேர்ந்தெடுத்தால்தான் கடை திறக்கும். நோட்டிஃபிகேஷனை இறக்கி, சரியான இடத்தைத் தொட வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற வேலை.

"கண்ணு தெரியாதவங்க எப்படிப்பா போன் யூஸ் பண்றாங்க?" என்று மகள் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சத்தம் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் ஒன்றாக 3 விநாடி அழுத்தினாள். விட்டுவிட்டு மறுபடி 3 விநாடி. போன் பேச ஆரம்பித்தது. டாக்பேக்! பார்வையற்றவர்களுக்காக ஆண்ட்ராய்டில் இருக்கும் வசதி. விரலைத் திரையில் மெதுவாக நகர்த்தினால், விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லும். இரண்டு தடவை தட்டினால் அது தேர்வாகும். பெரியம்மா போன் தமிழில் இருந்ததால் தமிழிலேயே வாசித்தது. வெளிச்சம்தான் போயிருந்தது, தொடு உணர்வு போகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அதுவும் போயிருந்தால் கீபோர்டை வைத்தே தட்டுத்தடுமாறி நகர்ந்திருக்க வேண்டும்.

பார்வையில்லாத நண்பர் ஒருவர் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி இதே முறையில் சரசரவென்று மெசேஜ் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு ஒரே ஒரு பட்டனைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

லேப்டாப்பில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து விழுந்தன. போட்டோ, வீடியோ, அப்புறம் ரெக்கார்டிங்ஸ். 11 ஃபைல்கள். முதலில் அவற்றைக் காப்பி செய்த பிறகுதான் மற்றதைத் தொட்டாள்.

மறுநாள் காலை பெரியம்மாவுக்கு போன் போட்டு, லேப்டாப் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து முதல் பதிவை ஓடவிட்டோம். "ரெக்கார்ட் ஆகுதா... ஆகுதா இல்லையா... சிவப்புப் புள்ளி வருது" என்று பெரியப்பா தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். பின்னால் குக்கர் விசில். பெரியம்மா, "போதும், நிறுத்துடி" என்றார். "மீதியை நான் நேர்ல கேட்டுக்கறேன்."

எப்போதும் டீபக்கிங்கை ஆன் செய்து வைக்கலாமா?

இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி இது. என் பதில், வேண்டாம். சில வங்கி ஆப்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தால் திறக்கவே மறுக்கின்றன. மேலும் ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரு கம்ப்யூட்டருக்கு நீங்கள் 'எப்போதும் அனுமதி' கொடுத்திருந்தாலும், 7 நாள் அதனோடு இணைக்காமல் விட்டால் அந்த அனுமதி தானாகவே ரத்தாகிவிடும். அதை நிறுத்திவைக்கவும் ஒரு பட்டன் உண்டு. ஆனால், என்றைக்கோ போன் விழும் என்பதற்காக இத்தனை கதவுகளைத் திறந்துவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள், போனில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு, உடைவதற்கு முன்பே ஃபைல்களை வெளியே எடுத்து வைப்பதுதான் வழி.

இன்னொன்று. 'வங்கியிலிருந்து பேசுகிறோம், கரன்ட் பில் கட்டவில்லை' என்று யாராவது கூப்பிட்டு, திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போடச் சொன்னாலோ, டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்கச் சொன்னாலோ, அந்த நிமிடமே கட் செய்யுங்கள். நான் இங்கே சொல்வதெல்லாம் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், உங்கள் கேபிள், உங்கள் வைஃபை. வெளியாள் யாருக்கும் இதில் வேலை இல்லை.

வைஃபையில் ஒரு பாலம்

சரி, எடுத்து வைப்பது எப்படி? பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன என்றால், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது. நானும் செய்திருக்கிறேன். சாதாரணமாக அனுப்பினால் போட்டோவின் தரம் குறைந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அந்தக் கல்யாண போட்டோவைப் பெரிதாக பிரின்ட் போட நினைக்கும்போதுதான் அது உறைக்கும்.

என் மகள் எங்கள் வீட்டு போன்கள் எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்திருப்பது கே.டி.ஈ. கனெக்ட். கே.டி.ஈ. என்பது 1996-ல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் தொடங்கிவைத்த ஓப்பன் சோர்ஸ் குழு. லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு அழகான முகப்பு செய்து கொடுப்பதுதான் முதலில் அவர்கள் வேலை. 2013-ல் கூகுள் நடத்தும் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில், ஆல்பர்ட் வாகா என்பவர் போனையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் இந்த சாஃப்ட்வேரை எழுதத் தொடங்கினார். ஒரு கோடை விடுமுறை வேலையாக ஆரம்பித்தது, இன்றுவரை பல பேர் கைசேர்த்து வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு, விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. 2022-ல் ஐபோனுக்கும் வந்தது.

போனிலும் கம்ப்யூட்டரிலும் இதை இன்ஸ்டால் செய்து, இரண்டையும் ஒரே வைஃபையில் இணைத்தால், ஒன்றையொன்று தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். 'பேர்' என்பதைத் தட்டி, இரண்டு பக்கமும் சம்மதம் சொன்னால் முடிந்தது. அதற்குப் பிறகு போட்டோவோ, ஃபைலோ, 'ஷேர்' பட்டனில் கம்ப்யூட்டரின் பெயரைத் தட்டினால் அப்படியே, தரம் குறையாமல் போய்ச்சேரும். இடையில் எந்த நிறுவனத்தின் சர்வரும் கிடையாது. உங்கள் வீட்டு ரௌட்டரைத் தாண்டி அந்த போட்டோ வெளியே போவதே இல்லை. டேட்டாவும் செலவாகாது. போகிற வழியிலும் என்கிரிப்ட் ஆகித்தான் போகும்.

ஃபைல் அனுப்புவது ஒரு பகுதிதான். கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருக்கும்போது போனுக்கு வரும் அழைப்பும் மெசேஜும் அங்கேயே தெரியும். எஸ்.எம்.எஸ்ஸுக்குக் கீபோர்டிலேயே பதில் அடிக்கலாம். போனை மவுஸ் மாதிரி வைத்துக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் ஓடும் படத்தை நிறுத்தலாம். எங்கள் வீட்டில் அதிகம் பயன்படுவது 'ரிங்' பட்டன். சைலன்ட்டில் போட்டு எங்கேயோ வைத்துவிட்ட போனைக் கம்ப்யூட்டரிலிருந்து அலறவைக்கலாம். என் மனைவியின் போன் இதுவரை அரிசி டின்னுக்குள் ஒரு தடவை, துவைக்கப்போட்ட தலையணை உறைக்குள் இரண்டு தடவை அகப்பட்டிருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு 10-லிருந்து, போனில் காப்பி செய்ததை மற்ற ஆப்கள் பின்னாலிருந்து பார்க்கக் கூகுள் தடை போட்டுவிட்டது. அதனால் கம்ப்யூட்டரில் காப்பி செய்தது தானாக போனுக்கு வரும்; போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு அனுப்ப ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். ஐபோனில் ஆப்பிள் விட்டிருக்கும் இடம் இன்னும் குறைவு, எஸ்.எம்.எஸ். எல்லாம் அங்கே கிடையாது. சில போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த ஆப்பைத் தூங்கவைத்துவிடும். பேட்டரி செட்டிங்ஸில் போய் விலக்கு கொடுக்க வேண்டும். ஹாஸ்டல், ஹோட்டல் வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். அங்கே இது வேலை செய்யாவிட்டால் சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள்.

இவ்வளவெல்லாம் வேண்டாம், ஃபைல் மட்டும் போனால் போதும் என்கிறவர்களுக்கு லோக்கல்சென்ட் போதும். இதுவும் ஓப்பன் சோர்ஸ். ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு, ஆண்ட்ராய்டிலிருந்து மேக்குக்கு என்று எந்தக் கலவையிலும் ஒரே வைஃபையில் அனுப்பும். அக்கவுன்ட் தொடங்க வேண்டாம், நம்பர் கொடுக்க வேண்டாம். என் அக்காவுக்கு போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

யார் இவர்கள், ஏன் செய்கிறார்கள்?

போன் கம்பெனி கொடுக்கும் சாஃப்ட்வேர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நோக்கியா காலத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. அன்றைக்கு நோக்கியாவின் 'பி.சி. சூட்' விண்டோஸில்தான் ஓடும். லினக்ஸ் வைத்திருந்தவர்கள், கேபிளில் என்ன ஓடுகிறது என்பதை உற்றுக் கவனித்து போனின் பாஷையைக் கற்றுக்கொண்டு க்நோக்கி என்ற சாஃப்ட்வேரை எழுதினார்கள். அதன் கிளையாக வந்தது காம்மு. செக் நாட்டைச் சேர்ந்த மிஹால் சிஹார்ஷ் அதைப் பல வருடம் பராமரித்தார். போன் புக், எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைக்க உதவியது. ஐபோனுக்கும் இதே கதைதான். ஐபோன் விற்பனைக்கு வந்த 2007-லேயே, ஆப்பிளின் ஐடியூன்ஸ் இல்லாமல் அதோடு பேசும் முயற்சி தொடங்கிவிட்டது. லிப்ஐமொபைல்டிவைஸ் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. லினக்ஸில் ஐபோனைச் சொருகினால் போட்டோ தெரிவதற்கு அதுதான் காரணம்.

பி.சி. சூட் இன்று எந்தப் புது போனுக்கும் உதவாது. கம்பெனி விட்டுவிட்டால் அந்த சாஃப்ட்வேரின் கதை முடிந்தது. ஓப்பன் சோர்ஸில் மூலப் புரோகிராம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருப்பதால், ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம். திருட்டுத்தனமாக ஏதாவது உள்ளே வைத்திருந்தால் அதையும் யாராவது பார்த்துவிட வாய்ப்பிருக்கிறது. 'இலவசம் என்றால் நாம்தான் சரக்கு' என்று பயப்படுகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல். ஆனால், டவுன்லோடு செய்யும் இடம் முக்கியம். ஸ்க்ரீன்காப்பிக்கு அதிகாரபூர்வ இடம் கிட்ஹப்பில் இருக்கும் அதன் பக்கம் மட்டும்தான். அதே பெயரில் அழகழகாகப் பல வெப்சைட்கள் தேடலில் வரும், போகாதீர்கள். கே.டி.ஈ. கனெக்ட், லோக்கல்சென்ட் இரண்டும் போனுக்கு பிளே ஸ்டோரிலும் எஃப்-டிராய்டிலும் கிடைக்கின்றன.

ஸ்க்ரீன்காப்பி பற்றி இன்னும் ஒரு வார்த்தை. டிஸ்ப்ளே உடைந்தால்தான் அது வேண்டும் என்பதில்லை. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு, யூஎஸ்பி டீபக்கிங்கை அந்த வேலைக்கு மட்டும் ஆன் செய்து, போன் திரையைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கலாம். முடிந்ததும் ஆஃப் செய்துவிடுங்கள். வங்கி ஆப்பின் பக்கங்கள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். அவை தங்களைப் படம் பிடிக்க விடாது.

பெரியம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தோம். தெருமுனை மெக்கானிக் பழைய போனுக்கு டிஸ்ப்ளே போட்டுக் கொடுத்தார், எதையும் அழிக்காமலே. புதிதில் 11 பதிவுகளையும் ஏற்றியாயிற்று. மகளின் லேப்டாப்பில் ஒரு காப்பி, என் கம்ப்யூட்டரில் ஒன்று, பீரோவில் பத்திரங்கள் இருக்கும் அதே தட்டில் பென் டிரைவில் ஒன்று.

போன வாரம் மகளிடம் பேசும்போது, தானும் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாராம். மாவடு எப்படிப் போடுவது, நார்த்தங்காய்க்கு உப்பு எவ்வளவு, பெரியப்பா வீட்டு ஆட்களில் யார் யாருக்கு என்ன உறவு... "இதுவரைக்கும் நாலு ஆச்சுடி கண்ணு. அடுத்த தடவை வரும்போது அந்த கேபிளை மறக்காம எடுத்துட்டு வா."